உஷார்! பெரட்டுக்களத்தில் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் இதை ஒரு தடவையாவது முழுசாக வாசித்துவிடுங்கள். வாசிக்க நேரமில்லாத அம்மாவுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். தோட்டத்து வேலை முறை நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்வதில்லை. அரைகுறையாகச் சொல்லிவிட்டு, கீழே கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள்.

என்ன மாற்றம்? செக்ரோலில் பேர் போட்டு நாள் சம்பளம் கொடுப்பதுதான் இத்தனை காலமும் இருந்த முறை. இதற்குப் பதிலாக, குடும்பத்துக்கு இவ்வளவு தேயிலைச் செடி என்று பிரித்துக் கொடுத்து, பராமரிப்பையும் அவர்களிடமே விட்டு, பறித்துத் தரும் கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் முறையைப் பெருந்தோட்டக் கம்பனிகள் பல வருடமாக வலியுறுத்தி வருகின்றன. வருமானப் பகிர்வு முறை என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2016 கூட்டு ஒப்பந்தக் காலத்திலேயே இது பேச்சுக்கு வந்துவிட்டது. நாள் சம்பளம் ஒவ்வொரு முறை கூடும்போதும் இந்தப் பேச்சும் வேகம் பிடிக்கிறது.

இந்த முறை கூடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கைகால் திடமாக உள்ள இரண்டு மூன்று பேர் வீட்டில் இருந்தால், நல்ல மலை கிடைத்தால், நாள் சம்பளத்தைவிடக் கூடுதலாக எடுக்க முடியும். என் பயம் வேறு. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரியாமலேயே ஆயிரக்கணக்கான பெண்கள் இதற்குள் போய்விடுவார்களோ என்பதுதான் அந்தப் பயம்.

பெரட்டில் அறிவித்தல் எப்படி நடக்கிறது என்பதைத் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். விடியுமுன் எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சின்னப் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு பனியில் வந்து நிற்கிறாள் ஒருத்தி. யார் யார் எந்த மலைக்கு என்று கணக்கப்பிள்ளை பிரித்து விடுகிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவில், “அடுத்த மாசத்துல இருந்து அஞ்சாம் நம்பர் மலைய குடும்பத்துக்குப் பிரிச்சுக் குடுக்கப் போறாங்க. விருப்பமானவங்க ஒபீசுக்கு வந்து கையெழுத்து வைங்க” என்று ஒரு அறிவித்தல் வருகிறது. அவ்வளவுதான் முழு விளக்கமும். நின்று கேள்வி கேட்டால் மலைக்குப் போகப் பிந்தும். பிந்தினால் காலை நிறுவையில் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஆகவே அவள் கேட்காமல் போகிறாள். “எல்லாருக்கும் அறிவித்தாயிற்று, யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை” என்று ஒபீசில் எழுதிக்கொள்ள அது போதுமாகிவிடுகிறது.

இப்படி நடப்பது இது முதல் தடவை இல்லை. 2021 மார்ச் 5ஆம் திகதி வர்த்தமானியில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. அடிப்படை 900, வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு 100. வருடக்கணக்காகக் கேட்டுக் கிடைத்த ஆயிரம் அது. லயத்துக்கு லயம் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஒப்பந்தம் என்பது சம்பளத் தொகை மட்டுமில்லை. பிணக்கு வந்தால் யாரோடு யார் பேசுவது, வேலையளவை எப்படித் தீர்மானிப்பது என்பதற்கெல்லாம் அதில்தான் வழி இருந்தது. அந்த வழி அடைபட்டுவிட்டது என்று எத்தனை தோட்டத்தில் கூட்டம் வைத்துச் சொன்னார்கள்? பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ கூடியது. குறைவாக எடுத்தவர்களுக்கு அரைச் சம்பளம் விழுந்தது. சில இடங்களில் வேலை நாளே குறைந்தது. நாள் சம்பளம் ஆயிரமாகக் கூடிய பிறகு வந்த சம்பள நாளில் முன்னைவிடக் குறைவான காசை எண்ணிக்கொண்டு போன பெண்களுக்கு ஏன் இப்படி ஆனது என்று விளங்கவில்லை. வேலை நிறுத்தமும் வாக்குவாதமும் அதற்குப் பிறகுதான் வந்தன.

2024இலும் இதே குழப்பம். மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி 1,700 ரூபாய் என்று அறிவித்தார். கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் 1,350 ரூபாய் என்று முடிவானது. மேடையில் ஒரு தொகை, வர்த்தமானியில் ஒரு தொகை, சம்பளத் துண்டில் ஒரு தொகை. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாயும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் தரும் 200 ரூபாயும் என்றார்கள். அந்த 200 எப்படிக் கைக்கு வரும், அதற்குச் சேமலாப நிதி பிடிபடுமா, எத்தனை நாள் வந்தால் கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்லக்கூடிய ஒருவர் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்க வேண்டாமா?

இனிக் கவனமாகக் கேளுங்கள். செக்ரோலில் பேர் இருப்பதற்கும், கிலோவுக்குக் காசு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் கையில் வரும் காசில் மட்டும் இல்லை. 2024இல் முடிவான நாள் சம்பளம் 1,350 ரூபாய், மாதம் 20 பேர் (20 நாள் வேலை) என்று வைத்துக்கொண்டால் சம்பளம் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி தன் கையிலிருந்து போட வேண்டியது 12 வீதம், அதாவது 3,240 ரூபாய். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 810 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 4,050, வருடத்துக்கு 48,600. ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர்கிறது. அது 18,900. ஆக, வருடம் 67,500 ரூபாய் உங்கள் கண்ணில் படாமலே உங்கள் பேரில் சேர்கிறது. நாள் சம்பளம் அதைவிடக் கூடும்போது இதுவும் கூடும். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசும்போது இந்த 67,500 எங்கே போனது என்பதுதான் முதல் கேள்வி. “இப்ப வாங்குறத விட மாசம் ஐயாயிரம் கூட வரும்” என்று ஒருவர் சொன்னால், அந்த ஐயாயிரத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே உங்களுடையதாக இருந்த காசுதானா என்று பார்க்க வேண்டும்.

பணம் ஒரு பக்கம். கர்ப்பிணிப் பெண்ணுக்கு 84 நாள் பிரசவச் சம்பளம் இருக்கிறது. புதிய முறையில் அது யார் பொறுப்பு? மலையில் குளவி கொட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக லொறி யார் அனுப்புவார்கள், நட்டஈடு யார் கொடுப்பார்கள்? பதுளை மாவட்டத்தில் குளவிக் கொட்டு எத்தனை பேரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருக்கிறது என்று மலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். உரம், மருந்து, கவ்வாத்துக்கான செலவு முதலில் கம்பனி போட்டுப் பிறகு கொழுந்துக் காசில் கழிக்குமா? கழித்தால் எந்த விலைக்கு? வீட்டில் உள்ள பெரியவர் படுத்துவிட்டால் அந்தச் செடிகள் யாருக்குப் போகும்? லயத்துக் காம்பராவில் இருக்கிற உரிமை, பேர் பதிந்த தொழிலாளி என்ற அடையாளத்தோடு ஒட்டியிருக்கிறது. அந்த அடையாளம் போனால் காம்பராவின் நிலை என்ன? இவற்றில் ஒன்றுக்கும் பெரட்டில் பதில் சொல்ல முடியாது. பெரட்டில் சொல்லக் கூடாத விஷயம் இது.

ஊவாவுக்கென்றே தனியாக ஒரு கேள்வியும் உண்டு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் கச்சான் காற்று வீசும். மலை காயும், கொழுந்து குறையும். அதே நேரத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பேர் வாங்கிக் கொடுத்த வாசனை வரும். கொழும்பு ஏலத்தில் நல்ல விலையும் அப்போதுதான் கிடைக்கும். நாள் சம்பளத்தில் கச்சான் காலத்து நட்டத்தைக் கம்பனி தாங்குகிறது. கிலோ முறையில் யார் தாங்குவது? குறைந்த கிலோவுக்கு அந்தப் பருவத்து உயர்ந்த விலை சேர்ந்தால் சரிதான். வருடம் முழுக்க ஒரே கிலோ விலை என்றால், காய்ந்த மலை உங்களுக்கு, ஏல விலை அவர்களுக்கு. சிறுதோட்டக்காரர்கள் பெக்டரிக்குக் கொடுக்கும் பச்சைக் கொழுந்துக்கு, விற்பனை விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் பெக்டரிக்கு என்று அரசாங்கம் வகுத்த ஒரு கணக்கு இருக்கிறது. உங்களிடம் நீட்டும் தாளில் அப்படி ஏதாவது கணக்கு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத பங்கைப் பகிர்வு என்று எப்படிச் சொல்வது?

எங்கும் நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் நம் சனம் வேலை செய்த தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தோட்டங்களை பாம்பே பர்மா கம்பனி 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை 2028இல்தான் முடிகிறது. நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து பறித்த குடும்பங்கள் அவை. 2024 ஜூன் மாதம் விருப்ப ஓய்வுத் திட்டம் என்று படிவத்தை நீட்டினார்கள். கையெழுத்துக்கு நாள் குறித்தார்கள். மாத நடுவில் வேலை நின்றது. தொகையில் பெரும்பகுதி வீட்டைக் காலி செய்த பிறகுதான் என்றார்கள். வேறு வழி தெரியாமல் பலர் கையெழுத்து வைத்தார்கள். பிறகுதான், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டு அரசின் டான்டீ நிறுவனம் தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கை அதே வருடம் டிசம்பரில் தள்ளுபடியானது. 2028 என்பது கம்பனிக்கு 1929இலேயே தெரிந்த வருடம். அதைப் பற்றித் தொழிலாளியோடு பத்து வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசியிருக்கலாம். நம் பெருந்தோட்டக் கம்பனிகளின் 53 வருடக் குத்தகையும் 1992இலிருந்து கணக்கு வைத்தால் 2045இல் முடிகிறது. இன்று இருபது வயதில் பெரட்டுக்கு வருகிற பிள்ளைக்கு அப்போது நாற்பது வயதளவுதான் ஆகியிருக்கும். அவளுடைய சேவைக்காலத்துக்கு நடுவில் விழுகிற அந்த வருடத்தைப் பற்றி யாராவது அவளிடம் பேசியிருக்கிறார்களா?

கேரளத்து மூணாறில் நடந்தது இன்னொரு பாடம். 2015இல் கண்ணன் தேவன் கம்பனி போனஸை 20 வீதத்திலிருந்து பத்தாகக் குறைத்தது.  அங்கே கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். செப்டம்பரில் அவர்கள் கம்பனியையும் சங்கங்களையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். தலைவர்மாரைப் பக்கத்தில் வரவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்ற பேர் அங்கே பிறந்தது. ஒன்பது நாளில், போனஸும் கருணைத்தொகையுமாக அந்த 20 வீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். நம் பக்கத்திலும் தோட்டத் தலைவர் ஆண், மாவட்டத் தலைவர் ஆண், கணக்கப்பிள்ளை ஆண். துரையோடு ஒபீசில் பேசிவிட்டு வருவது அவர்கள். மலையில் நிற்பது பெண்கள். தலைவரிடம் சொன்னால் தோட்டத்துக்கே சொன்னதாகும் என்று நினைக்கிற துரைமார் மூணாறை ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும். 2021க்குப் பிறகு பல தோட்டங்களில் சங்கச் சந்தா பிடிப்பதும் நின்றுவிட்டதால் அந்த வழியும் முன்போல் இல்லை.

சொல்லியும் சேராத செய்தி எவ்வளவு தூரம் கொண்டு போய்விடும் என்பதற்கு ஊவாவிலேயே மாறாத சாட்சி இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஒபீசுகளுக்கு இடையில் கடிதம் போய் வந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கோ எங்கே போவது, யார் காணி தருவது, எப்போது கிளம்புவது என்ற மூன்றுக்கும் கையில் பிடிக்கக்கூடிய பதில் கிடைக்கவில்லை. “அறிவித்தோம்” என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு மீரியபெத்தைதான் நினைவுக்கு வருகிறது. வேலை முறை மாற்றத்தில் ஒரே காலையில் உயிர் போகாது. இருபது வருடச் சேவைப் பணம் போகும், காம்பரா போகும். அது மெதுவாகப் போவதால் யாரும் செய்தியாக எழுத மாட்டார்கள்.

தாள் நம் சனத்துக்குப் புதிய ஆபத்தில்லை. கங்காணி காலத்தில் கடனை எழுதிய துண்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்களையே மாற்றியது. 1921இல்தான் அது ஒழிந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, எந்த நாட்டுக்கான விண்ணப்பம் என்று சரியாக விளங்காமலே பெருவிரலை உருட்டிய தாத்தா பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். இன்று எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை வற்புறுத்திச் சொல்கிறேன்.

தோட்ட நிர்வாகத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மறைத்து வைப்பதால் மாற்றம் சுலபமாகிவிடாது. நீங்கள் வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும், “தோட்டத்த விக்கப் போறாங்களாம்”, “காம்பராவ எடுக்கப் போறாங்களாம்” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு சுற்றுகிறது. அதில் பாதி பொய்யாகவே இருக்கட்டும். அந்தப் பொய்க்கு இடம் கொடுத்தது உங்கள் மௌனம்தான். மாற்றம் தொடங்குவதற்கு மூன்று மாதமாவது முன்னால், தமிழில், எழுத்தில் கொடுங்கள். அதை ஒபீஸ் சுவரில் மட்டும் ஒட்டாமல் பிள்ளை மடுவத்திலும் கோயிலடியிலும் கொழுந்து மடுவத்திலும் ஒட்டுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரத்தில், சம்பளம் வெட்டாமல், டிவிசன் டிவிசனாகக் கூட்டம் வையுங்கள். வேலை முடிந்து விறகும் தண்ணீருமாக ஓடுகிற நேரத்தில் வைத்த கூட்டத்துக்கு ஆம்பளைகள்தான் வருவார்கள். ஒரு டிவிசனில் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில் எல்லா டிவிசனிலும் ஒன்றாக இருக்கட்டும். சம்பளத் துண்டில் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களை விட்டுவிட்டு, எதற்கு எவ்வளவு பிடித்தீர்கள் என்று தமிழில் அடியுங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இனி, தாள் உங்கள் கைக்கு வரும் நாளில் என்ன செய்வது? அன்றைக்கே கையெழுத்து வைக்காதீர்கள். “வீட்டுல காட்டிட்டு வாறேன் ஐயா” என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தமிழ்ப் பிரதி கேளுங்கள். பிரதி தர மறுத்தால், போனில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் பிடித்துக் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைக்கு அனுப்புங்கள். அதையும் தடுத்தால், அந்தத் தாளில் உங்களுக்கு ஆகாதது ஏதோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தாளிலும், தொகையோ திகதியோ இடம் விட்ட படிவத்திலும் எக்காரணம் கொண்டும் கையெழுத்தோ பெருவிரலோ வைக்கக் கூடாது. “மத்த எல்லாரும் வச்சிட்டாங்க” என்று சொன்னால், அந்த எல்லாரில் இரண்டு பேரிடம் நேரில் கேட்டுப் பாருங்கள்.

தாளில் தேட வேண்டியது முக்கியமாக ஒன்று: என் பழைய சேவைக்காலம் தொடர்கிறதா, முறிகிறதா? முறிகிறது என்றால் அதுவரைக்குமான பணிக்கொடை எந்தத் திகதியில் கைக்கு வரும் என்று எழுதியிருக்க வேண்டும். விருப்பமில்லாவிட்டால் பழைய முறைக்குத் திரும்பலாமா, எத்தனை மாதத்துக்குள் திரும்பலாம் என்பதும் எழுத்தில் வேண்டும். வாயால் சொன்ன உறுதியைச் சொன்னவர் அடுத்த வருடம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விடுவார். துரை மாறலாம், கம்பனியே கைமாறலாம். 1975இல் அரசாங்கத்துக்குப் போய், 1992இல் கம்பனிகளுக்கு வந்த தோட்டங்கள் இவை.

இன்னொரு வேலையை இந்த மாதமே செய்துவிடுங்கள். சம்பளத் துண்டுகளை அடுப்பில் போடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். சேமலாப நிதி உங்கள் பேரில் ஒழுங்காகப் போகிறதா, அடையாள அட்டையில் உள்ள பேரும் நிதிக் கணக்கில் உள்ள பேரும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர் என்று இருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். முறை மாறும் நேரத்தில் முதலில் மாட்டிக்கொள்வது அவர்கள்தான்.

சந்தேகம் தீராவிட்டால் பதுளையில் இருக்கும் தொழில் திணைக்களக் காரியாலயத்துக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து, தாளின் படத்தையும் சம்பளத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். தமிழும் அரச கரும மொழிதான், அதைத் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. கொடுத்ததற்குத் திகதி போட்ட பிரதி ஒன்றை வாங்காமல் அந்தப் படியை விட்டு இறங்காதீர்கள்.